கதவம்மா

சட்டி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய, பின்னேரங்களிலும் இரவுகளிலும் அவருடைய இடம் அதுதான்.

அது கறி வைக்கிற சட்டி இல்லை. நகரத்தின் சுவாச நிலையம் சிறு பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கும் ஒரு கருவி. அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. எங்கள் தொடர்மாடியில் அதைச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. உருண்டையாக, வாய் ஒடுங்கி, மண் நிறத்தில் இருந்ததால் சட்டி என்றார்கள். எங்கள் ஆட்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். தொடர்மாடிக்கே கீரிமலை என்றுதான் பெயர், ஊரிலுள்ள நீரூற்றின் பெயர். எந்த நேரமும் ஏதாவது ஒரு மாடியில் ஒரு குழாய் ஊற்றெடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த நாட்டின் வடக்கில் காடுகள் எரியத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கோடை என்று இப்போது யாரும் சொல்வதில்லை, புகைக்காலம் என்கிறார்கள். அந்த மாதங்களில் சூரியன் பழுத்த தக்காளி போல இருக்கும், கண் கூசாமல் பார்க்கலாம். அப்போது பிறந்த பிள்ளைகள் சிலருக்கு மூச்சின் ஒழுங்கு தெரியாது. என் தங்கை ஆரபி அப்படிப் பிறந்தவள். விழித்திருக்கும்போது ஓடுவாள், கட்டிலில் ஏறிக் குதிப்பாள். நித்திரையானால் அவள் நெஞ்சு தன் வேலையை மறந்துவிடும். இழுக்கும், நிற்கும், பிறகு பதறி இழுக்கும். நாவற்பழம் தின்றதுபோல உதடு நிறம் மாறும். நானும் அம்மாவும் முறை வைத்து விழித்திருந்து அவளைத் தட்டித் தட்டி எழுப்புவோம்.

சட்டி அதற்குத்தான். அதன் வயிறு மெத்தென்ற துணியால் ஆனது, ஏறி இறங்கும். தாயின் மூச்சைச் சில வாரங்கள் கேட்டுக் கேட்டு அது படித்துக்கொள்ளும். பிறகு பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும்போது அதே மூச்சைத் தன் வயிற்றால் திருப்பிக் கொடுக்கும். பிள்ளையின் நெஞ்சு அதைப் பின்தொடரும், சேற்றுப் பாதையில் முன்னே போனவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடப்பதுபோல.

ஆரபி இந்த நாட்டில் பிறந்தவள், இந்த நாட்டுப் பிரஜை. சட்டி அவளுக்கு உரிமை. அம்மாவும் நானும் அப்படி இல்லை. எங்கள் அகதி வழக்கு ஒருமுறை மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. அப்படிக் கிடப்பவர்கள் அரசாங்கத்திடம் என்ன உதவி வாங்கினாலும் வழக்கில் கறுப்புப் புள்ளி விழும், புள்ளி சேர்ந்தால் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கீரிமலையில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் இது தெரியும். ஆரபி வயிற்றில் இருந்தபோது அப்பா துணிந்து சாப்பாட்டு அட்டை எடுத்தார். கொஞ்ச நாளில் அவர் கார் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அவர் வவுனியாவில் இருக்கிறார். எங்களுக்கு அவர் தொலைபேசியில் இருக்கிறார்.

அப்பா போன பிறகு அம்மா அட்டையை வெட்டிக் குப்பையில் போட்டார். பள்ளிக்கூடமும் அவர்கள் சும்மா தருகிற உதவிதானே என்று என்னையும் மறித்துவிட்டார். நான் எப்போதுமே அதிகம் சொல்கிறவள் இல்லை.

சட்டியைப் பற்றி முதலில் பேசியவர் பக்கத்து வீட்டுப் புஷ்பராணி அன்ரி. பாண் சுடுகிற வெதுப்பகத்தில் விடியப்புறம் வேலை, மற்ற நேரம் எங்கள் வீடு. புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. குடியுரிமை மட்டும் இருந்தது.

"நான் எடுத்துத் தாறன் தவம்," என்றார் அன்ரி. அம்மாவின் பெயர் தவமலர். "என்ர குடியுரிமை அலுமாரிக்கை கிடந்து பூஞ்சணம் பிடிக்குது. பிள்ளைக்குப் பொறுப்பாளர் நான் எண்டு பதிவம். தாய் வேற ஊருக்குப் போட்டா எண்டு சொல்லுவம்."

"சட்டி நாய் மாதிரி மூச்சை மணந்து பிடிக்குமாம் அக்கா."

"மணக்கட்டும். என்ர மூச்சிலை பாண் வாசம்தான் வரும்."

"என்ர மூச்சை மணந்தா?"

அம்மா ஏன் அப்படிக் கேட்கிறார் என்று அன்ரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது நாங்கள் ஒரு லொறியில் எல்லை தாண்டினோம். முட்டைக்கோவா மூட்டைகளுக்குப் பின்னால் ஆறேழு பேர். எல்லையில் லொறியை நிறுத்தி, தார்ப்பாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை விடுவார்கள். உள்ளே ஆள் மூச்சு இருந்தால் அந்தக் குழாய் கண்டுபிடித்துக் கத்தும். ஏஜென்ற் எங்களுக்கு முன்கூட்டியே பழக்கியிருந்தான். "நூல் மாதிரி இழுங்கோ. நூல் மாதிரி விடுங்கோ. அறுக்கக் கூடாது." அம்மா என் முகத்தைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினார். அவர் நெஞ்சு ஏறும்போது நானும் ஏறினேன், இறங்கும்போது இறங்கினேன். குழாய் வந்தது, போனது, கத்தவில்லை.

ஆகவே அன்ரியின் பெயரில் சட்டி வந்ததும் அம்மா குசினிக்குள் போனார். கதவுக்குப் பின்னால், நிலத்தில், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து நூல் மூச்சு விட்டார்.

சட்டியோடு வந்த தாளில் எழுதியிருந்தது: பிள்ளை அம்மா என்று கூப்பிடும் ஆள் தினமும் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். நான் வாசித்து மொழிபெயர்த்தேன். வீட்டில் அந்த மொழி ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவும் அன்ரியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எண்டால் என்னை அம்மா எண்டு கூப்பிடப் பழக்கவேணும்," என்றார் அன்ரி. குரல் வழக்கம்போல இல்லை.

"ஓம். சட்டிக்குக் காது இருக்கே," என்றார் அம்மா.

ஆரபிக்கு அப்போது இரண்டு வயது கிட்ட. அம்மாவே அவளை மடியில் வைத்துப் பழக்கினார். அன்ரியைக் காட்டி, "இது ஆர்? அம்மா." தன்னைக் காட்டி, "இது ஆர்? அன்ரி." சரியாகச் சொன்னால் முந்திரிகைக் குலையிலிருந்து ஒரு பழம். ஆரபி முதலில் சிரித்தாள். பிறகு பழத்துக்காகச் சொன்னாள். பிறகு பழம் இல்லாமலே சொன்னாள். ஒருநாள் விழுந்து முழங்கால் உரஞ்சியபோது "அம்மா!" என்று கத்திக்கொண்டு புஷ்பராணி அன்ரியிடம் ஓடினாள். அம்மா கழுவிக்கொண்டிருந்த கோப்பையைத் திரும்பவும் கழுவினார்.

சட்டி வேலை செய்தது. அன்ரி பின்னேரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காருவார், கொஞ்ச நேரத்தில் தலை சரியும், குறட்டை வரும். சில வாரங்களில் ஆரபியின் நெஞ்சு ஒழுங்குக்கு வந்தது. உதடு சிவந்தது. நாங்கள் முறை வைத்து விழித்திருப்பதை விட்டோம். அன்ரி லிஃப்ற்றில் ஏறுகிற இறங்குகிற எல்லோரிடமும், "என்ர மூச்சிலைதான் அந்தப் பிள்ளை நடக்குது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அப்படிச் சொல்லும்போது முகம் குத்துவிளக்கு ஏற்றினதுபோல இருக்கும்.

புகைக்காலம் திரும்பத் தொடங்கியபோது சுவாச நிலையத்திலிருந்து செய்தி வந்தது. வருடாந்தப் பார்வைக்குத் தாதி ஒருவர் வீட்டுக்கு வருவார். எந்த வாரம் என்று மட்டும் சொன்னார்கள், எந்த நாள் என்று சொல்லவில்லை.

"நாள் சொல்லாமல் வாறதெண்டா பிடிக்கத்தான் வருகினம்," என்றார் அம்மா. அன்றைக்கே நகரத்தின் மற்றப் பக்கத்தில், தெரிந்த ஒருவரின் நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டார். போகும்போது ஆரபியின் தலையை முகர்ந்தார். "அன்ரி போட்டு வாறன் என்ன," என்றார்.

"போட்டு வாங்கோ அன்ரி," என்று கையைக் காட்டினாள் ஆரபி.

மூன்றாவது நாள் அவள் மூச்சு குழம்பத் தொடங்கியது.

முதலில் புகையால் என்று நினைத்தோம். ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணி அடைத்தோம். அன்ரி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். குறட்டை வராமல் இருக்கக் கறுவாப்பட்டை சப்பினார். சட்டியின் வாய் ஒரு பக்கம் திரும்பும், மறுபக்கம் திரும்பும், வயிறு ஏறி, பாதியில் நின்று, திரும்ப ஏறும். தொலைத்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது அது. ஆரபியின் உதட்டில் பழைய நாவற்பழ நிறம் வந்தது.

"நான் இஞ்சைதானே இருக்கிறன்," என்று அன்ரி சட்டியைப் பார்த்துச் சொன்னார். "இஞ்சை பார். நான்தான். ஏன் உனக்குத் தெரியேல்லை?"

தாதி ஒரு மத்தியானம் வந்தார். பெயர் ஹோதான். தலையைச் சுற்றி மஞ்சள் துணி, கழுத்தில் புகைமூடி, உயரமான மனுஷி. அவருடைய பெற்றோர் வேறொரு கண்டத்திலிருந்து வந்தவர்களாம். அன்ரி பயத்தில் அவருக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் வைத்தார். தாதி ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, நித்திரையில் திணறிய ஆரபியைத் தூக்கித் தோளில் போட்டார். மற்றக் கையால் சட்டியின் அடியில் தட்டினார். அவர் கையிலிருந்த கண்ணாடிப் பலகையில் கோடுகள் ஓடின. அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இந்த வீட்டிலிருந்து யார் போனது?" என்று கேட்டார்.

நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன். அன்ரியின் கை மடியில் இருந்த துவாயைப் பிசைந்தது.

"ஒருத்தரும் போகேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். தாதி பலகையை எங்கள் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்கள். இந்தத் தடித்த கோடு பக்கத்தில் இருப்பவர். நல்ல மூச்சுத்தான், ஆனால் பெரும்பாலும் குறட்டை. கருவி இதை எடுக்கவில்லை. எடுத்தது இதை." கீழே இன்னொரு கோடு ஓடியது. மெல்லியது, நீளமானது. கோலம் போடப் பழகிய கை இழுத்ததுபோல இருந்தது. "சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால். முதல் வாரத்திலிருந்தே இதைத்தான் பிடித்திருக்கிறது. பிள்ளையின் நெஞ்சு எதைத் தேடுகிறதோ அதைத்தான் இது எடுக்கும். சில நாட்களுக்கு முன் நின்றுவிட்டது. நான் இந்த வேலைக்கு வந்து இத்தனை வீடுகள் பார்த்திருக்கிறேன், இவ்வளவு அமைதியான மூச்சை எங்கும் பார்த்ததில்லை. யார் இந்த அமைதியான மனிதர்?"

அம்மா சொன்னது சரி. சட்டி மணந்து பிடித்திருக்கிறது.

"என்னவாம்? என்னவாம் பிள்ளை?" அன்ரி என் கையைப் பிடித்தார். நான் மெல்லச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் விழுந்து, உடனே எழும்பியது. "சொல்லு, முந்தி குசினிக்கை ஒரு வாடகைப் பெட்டை படுத்தவள், இப்ப போட்டாள், எங்கை எண்டு தெரியாது எண்டு சொல்லு. கெதியாச் சொல்லு. வாயைத் திறவன் ஊமைச்சி!"

தாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஆரபி இழுத்தாள். நின்றாள். நின்ற இடத்திலேயே நின்றாள். தாதி அவள் முதுகைத் தேய்த்தார். அது திரும்பத் தொடங்கும்வரை அந்த அறையில் நாங்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று தாதி கேட்டார்.

"அது எங்கள் அம்மா என்று சொல்கிறார்," என்றேன்.

அன்ரிக்கு அந்த மொழியில் தெரிந்த சில சொற்களில் 'அம்மா' என்பதும் ஒன்று. அவர் என் கையை விட்டார். பிறகு திரும்பவும் பிடித்துக்கொண்டார்.

"எங்கே இருக்கிறார்?"

"நகரத்தின் மற்றப் பக்கம்."

"ஏன்?"

"உங்களுக்குப் பயந்து."

தாதி மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். நான் தொடங்கியதை நிறுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புப் புள்ளி, அப்பா, சாப்பாட்டு அட்டை. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

"அந்தச் சட்டத்தை நீக்கி ஆறு வருடம்," என்றார் தாதி. "உதவி வாங்குவது இப்போது யாருடைய வழக்கிலும் சேராது. கீழே வாசலில், உங்கள் மொழியில்கூட ஒட்டியிருக்கிறதே. இந்தக் கருவிக்கு யாருடைய பெயரும் தெரியாது. மூச்சு யாருடையது என்று அது எழுதாது. நான் எழுதினால் என் வேலை போய்விடும்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் அன்ரி கோபப்பட்டார். "சுவரிலை ஒட்டினா நம்பிறதோ? வலை விரிக்கிறவன் அதுக்கு மேலை வலை எண்டு எழுதி வைப்பானோ? அதை எல்லாரும் பாத்தவைதான். பாத்திட்டு, இதுதான் பிடிக்கிற வழி எண்டு கதைச்சவை. நானும் கதைச்சனான்."

"அப்படியானால் எங்கள் அப்பா?" என்று தாதியிடம் கேட்டேன்.

"உங்கள் அப்பா விஷயம் எனக்குத் தெரியாது. எதற்காக என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த அட்டைக்காக இல்லை."

இழந்ததை நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனாலும் சில விஷயங்கள் தாமாகவே ஞாபகத்துக்கு வந்தன. இரவில் அம்மா வெறும் தேத்தண்ணியோடு படுத்த கிழமைகள். பள்ளிக்கூடத்தில் என் மேசையில் இப்போது யார் இருப்பார்கள் என்று நான் நினைத்த காலைகள்.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆள் வந்து போட்டாவா?"

"இல்லை அம்மா. இருக்கிறா. உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா."

அம்மாவின் மூச்சு நூலாவதை நான் அறிந்தேன். பயப்பட ஒன்றும் இல்லையாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதை அவர் நம்பமாட்டார், ஏமாற்றி அழைக்கிறோம் என்றுதான் நினைப்பார். ஆகவே அவர் நம்பக்கூடிய ஒன்றைச் சொன்னேன்.

"ஆரபியின்ர சொண்டு நீலமாக் கிடக்கு."

"வாறன்," என்றார் அம்மா.

பொழுது சாய முன்னம் வந்துவிட்டார். கையில் ஒரு பை. அதில் தடித்த கம்பளிச் சட்டை, பல்துலக்கி, ஒரு சோடி காலுறை, அப்பாவின் படம். ஏற்றிக்கொண்டு போய் அடைத்தால் குளிருக்கு ஒன்றும் இல்லாமல் போகக் கூடாது என்று ஆயத்தமாக வந்திருந்தார். பையை வாசலிலேயே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக்கொண்டு தாதிக்கு முன்னால் நின்றார். விலங்கு போடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். தாதிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, நீட்டிய அந்தக் கைகளில் ஆரபியை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவைச் சட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார். "வழக்கம்போல மூச்சு விடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்."

பிடிக்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார், ஆரபியின் கால்விரல்களைத் தொட்டார், திரும்ப அழுதார். சட்டி அவர் பக்கம் வாயைத் திருப்பி, கொஞ்சம் கேட்டு, திரும்பிக்கொண்டது. தாதி பலகையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இது வேறு ஆள் என்கிறது."

நான் சொன்னதும் அன்ரி வெடித்தார். "தாயைத் தெரியாத சட்டியும் ஒரு சட்டியோ! இதிலை கறிதான் காய்ச்சவேணும்."

ஆரபி அம்மாவின் மடியிலேயே நித்திரையாகி, பழையபடி இழுத்து நின்றாள். எனக்கு அப்போது லொறி ஞாபகம் வந்தது.

"அம்மா," என்றேன். "குசினிக்குள்ளை போங்கோ."

"என்ன?"

"போய்க் கதவைச் சாத்துங்கோ. சட்டிக்குத் தெரியாமல் இருங்கோ."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆரபியைக் கட்டிலில் கிடத்தி, சட்டியை அவள் கைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது. அவர் நிலத்தில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சட்டியின் வாய் மெல்லத் திரும்பியது. குசினிப் பக்கம் நின்றது. அதன் வயிறு ஏறியது, நீளமாக, அறாமல். இறங்கியது. ஆரபியின் நெஞ்சு ஒருமுறை தடுக்கிவிட்டு அதன் பின்னால் போனது.

தாதி பலகையில் அந்த மெல்லிய கோடு திரும்ப ஓடுவதைப் பார்த்துப் புன்னகைத்தார். "என்ன அமைதி," என்றார்.

"அது அமைதி இல்லை," என்றேன். "அது ஒளிந்திருப்பது." லொறியைப் பற்றியும் குழாயைப் பற்றியும் சொன்னேன்.

அவர் பலகையை மடியில் கவிழ்த்து வைத்தார். கட்டிலில் பிள்ளையையும் சாத்திய கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் இவள் இந்த ஒரு வருடமாகப் படித்தது..." என்று தொடங்கி, முடிக்கவில்லை.

போகும் முன் அவர் ஒரு வழி சொன்னார். சட்டியை அழித்து முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் புகைக்காலத்தில் அது ஆபத்து. மெதுவாகப் பழக்கவேண்டும். நாளைக்குக் கதவைக் கொஞ்சம் திறவுங்கள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறகு அவர் வெளியே வந்து உட்காரட்டும், ஒவ்வொரு நாளும் சிறிது கட்டில் பக்கம். அவர் எப்படி மாறுகிறாரோ அப்படியே சட்டியும் மாறும், பிள்ளையும் மாறுவாள். "அவசரப்படுத்தாதீர்கள்," என்றார். "மூவரையும்." மிச்ச ரோல்ஸை அன்ரி ஒரு பையில் கட்டி அவர் கையில் திணித்தார்.

தாதி போனதும் அன்ரி கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாளும் இருந்து இருந்து இடுப்பு உடைஞ்சது எனக்கு. மூச்சு உனக்கோ?"

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். சட்டி உடனே தடுமாறியது. "சிரியாதையடி, சிரியாதை," என்று அன்ரி பதறினார். பிறகு தன் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். நான் ஜன்னல் துணியைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

கதவு நாளுக்கு நாள் திறந்தது. முதலில் ஒரு விரல் அகலம். பிறகு அம்மாவின் முழங்கை தெரிந்தது, பிறகு முகம். ஒருநாள் நிலைப்படிக்கு வெளியே பலகைக் கட்டை போட்டு உட்கார்ந்தார். ஒரு பின்னேரம் அவர் நூலாக்காமல் சாதாரணமாக மூச்சு விட்டுப் பார்க்க, சட்டி பொறுத்துக்கொண்டது. இன்னொரு நாள் பொறுக்கவில்லை, அம்மா திரும்பக் குசினிக்குள் போகவேண்டியிருந்தது. போனார். மற்ற நாள் திரும்ப வந்தார்.

ஆரபிக்குப் பெயர்களைத் திருத்த அன்ரிதான் முன்வந்தார். தன்னைக் காட்டி, "நான் அன்ரி. அங்கை பார், அவதான் அம்மா. சொல்லு பாப்பம்." முந்திரிகைப் பழமும் அவரே வாங்கி வந்தார். ஆரபி பழத்தை வாங்கித் தின்றுவிட்டு, அன்ரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா," என்றாள்.

"இல்லையடி குஞ்சு. அம்மா அங்கை."

ஆரபி திரும்பி, குசினி நிலைப்படியில் இருந்த அம்மாவை நன்றாகப் பார்த்தாள். யோசித்தாள்.

"அது கதவம்மா," என்றாள்.

அன்ரி அம்மாவைப் பார்த்தார். "மன்னிச்சுக்கொள் தவம். பழக்கிறன். கெதியாப் பழக்கிறன்."

"விடுங்கோ அக்கா," என்றார் அம்மா. "ரெண்டு அம்மா இருந்தா என்ன, அவளுக்குக் குறைஞ்சோ போகும்?"

புகைக்காலத்தின் நடுவில் ஒருநாள் ஆபத்துச் சங்கு ஊதியது. யாரும் வெளியே போகக் கூடாது என்று அறிவித்தார்கள். பகல் பதினொரு மணிக்கே வெளியே செம்மண் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. அம்மா ஆரபியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். இப்போதெல்லாம் அதுவரை வந்துவிட்டார். நடுவில் சட்டி. தொலைபேசியில் அப்பா, தன் கோழி ஒன்று அடுத்த வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்து, அதை எடுக்கப் போய்த் தானும் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சட்டியின் வயிறும் அதற்கேற்ப ஏறி இறங்கியது, சாதாரணமாக, கொஞ்சம் ஒழுங்கில்லாமல். ஆரபி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் உதடு சிவப்பாக இருந்தது. மேசையில் புதிய சாப்பாட்டு அட்டைக்கான பத்திரத்தில் நான் பெயர்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் மூவர் பெயரையும் எழுதினேன்.

கதவு தட்டப்பட்டது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவர் நெஞ்சு நின்றது. ஆரபியின் நெஞ்சும், அவள் தூக்கத்திலேயே, நின்றது. நடுவில் இருந்த சட்டியின் வயிறு பாதி ஏறிய இடத்தில் அப்படியே நின்றது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வழமையாக நான்தான் போவேன். அம்மா இந்த நாட்டில் ஒருமுறையும் தட்டிய கதவைத் திறந்ததில்லை. நான் எழும்பினேன். அம்மா என் தோளில் கையை வைத்து இருத்தினார். தொலைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு, அவரே நடந்து போனார்.

"ஆர்?" என்று கேட்டார்.

"வேற ஆர் உங்கடை வீட்டுக்கு வாறது? நான்தான். புட்டு ஆறுது, திறவடி!"

அம்மா அன்ரிக்குக் கதவைத் திறந்தார். நீராவியும் தேங்காய்ப்பூ வாசமும் வீட்டுக்குள் வந்தன. எனக்குப் பின்னால் சட்டியின் வயிறு இறங்குவது கேட்டது. அதற்குப் பிறகு ஆரபி மூச்சு விட்டாள்.

கடைசியாக நான்.